சார்ட்டரை நம்பும் முன் டியூபைக் கொஞ்சம் பாருங்கள்
செல்களுக்குச் சாயம் போட்டு, லேசரில் ஒளிர்வதைத் துளித்துளியாகப் பிரித்தெடுக்கும் மெஷின்தான் சார்ட்டர்; அதை ஓட்டுவது நான். இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. சார்ட்டிங் தொடங்கிப் பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை, நேராக விழுந்துகொண்டிருந்த தாரை சட்டென்று ஒரு பக்கம் சாய்ந்தது, தாரை வெளிவரும் நாசில் (நுண்துளை முனை) அடைத்துக்கொண்டது. சாம்பிள் டியூபைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால் சளி மாதிரி நூல் நூலாக மிதக்கிறது. "வடிகட்டினீர்களா?" என்றேன். "அதான் மெஷினே பிரித்துவிடுமே?" என்றார் சாம்பிள் கொண்டுவந்தவர்.

பிரிக்காது. நாசில் துளை 70 மைக்ரான், பெரிய செல்லுக்கு 100. கட்டியாக வந்தால் எதுவும் போதாது. அந்த நூல், செத்த செல்களிலிருந்து கசிந்த டிஎன்ஏ. டிஎன்ஏவை வெட்டும் நொதியான டிஎன்ஏஸ் போட்டால் கரையும் (அந்தக் கட்டத்தில் உலோக அயனிகளைப் பிடிக்கும் ஈடிடிஏ வேண்டாம், டிஎன்ஏஸுக்குத் தேவையான மெக்னீசியத்தை அது பிடித்துக்கொண்டால் டிஎன்ஏஸ் சும்மா உட்கார்ந்திருக்கும்). அப்புறம் 35 அல்லது 40 மைக்ரான் வடிகட்டி, மெஷினில் ஏற்றுவதற்குச் சற்று முன்னால்; நேற்றே வடிகட்டினேன் என்று சொல்லாதீர்கள்.

அடைப்பைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். "பச்சையாக ஒளிர்ந்தது, அப்படியென்றால் அது என் செல்தான்" என்பதைத்தான் தாங்க முடிவதில்லை. லேசர் படுகிறது, வெளிச்சம் வருகிறது, கருவிக்குத் தெரிவது அவ்வளவுதான். செத்த செல் கண்ட ஆன்டிபாடியையும் (செல்லை அடையாளம் காட்டச் சாயம் கட்டிய புரதம்) இழுத்து ஒட்டிக்கொண்டு பளபளக்கும். மேக்ரோபேஜ் என்ற நோயெதிர்ப்பு செல் சாயமே போடாமல் தானாகவே ஒளிரும். ஒளிரும் செல்லோடு ஒளிராத ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தால் இரண்டும் ஒரே துளியில் உங்கள் டியூபுக்குள் போகும். இங்க்ஜெட் அச்சில் துளிக்கு மின்னேற்றி வளைத்த உத்தியை 1965-ல் மேக் ஃபுல்வைலர் செல்களுக்குக் கொண்டுவந்தார், இன்றும் அடிப்படை அதுதான். துளிக்குள் இருப்பது யார் என்று துளியை வளைக்கும் மின்தகடு விசாரிப்பதில்லை. அப்படிப் பிரித்த கலப்படத்தில் ஆர்என்ஏ எடுத்து, புதுவகை செல் கண்டுபிடித்துவிட்டதாக ஓடிவந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அதனால், டாப்பியோ புரொப்பிடியம் அயோடைடோ, செத்ததைக் காட்டும் சாயம் ஒன்று கட்டாயம். சாயமே போடாத சாம்பிள், ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கன்ட்ரோல் (ஒப்பிட்டுப் பார்க்கும் சாம்பிள்), ஒரு நிறம் மட்டும் விட்டுப்போட்ட கன்ட்ரோல், எல்லாம் வேண்டும். "செல் குறைவு, கன்ட்ரோலுக்கு மிஞ்சவில்லை" என்றால் ஒளிர்வதையும் ஒளிராததையும் பிரிக்கும் எல்லைக்கோட்டை எங்கே போடுவது, என் இஷ்டத்துக்கா? பிரித்ததில் கொஞ்சத்தைத் திரும்ப ஓட்டித் தூய்மை பாருங்கள். சேகரிக்கும் டியூபைக் காலியாகத் தராதீர்கள், சீரம் கலந்த மீடியம் ஊற்றித் தாருங்கள்.

இன்னொன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். மனித ரத்தம் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். அடைத்த நாசில் திரவத்தை நுண்திவலையாகக் காற்றில் தெறிக்கவிடும், மூடியைத் திறந்து அதைச் சரிசெய்வது நான்தான்.