கை மரத்துப்போனால் சீட்டைக் கவனியுங்கள்: எண்டூரன்ஸ் சைக்கிளை உடம்புக்குப் பொருத்தும் கணக்கு

நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டுகிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு. இரண்டு மூன்று மணி நேரம் போனதும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துவிடுகின்றன. உடனே ஹேண்டில்பாரில் கைவைப்பார்கள். அதை ஏற்றுவது, கிட்டே இழுப்பது, தடித்த டேப் சுற்றுவது, ஜெல் வைத்த கையுறை வாங்குவது என்று போகும். கொஞ்ச நாள் தேவலை போலிருக்கும், பிறகு பழையபடி வந்துவிடும். பெரும்பாலும் கோளாறு சீட்டில் இருக்கும்; சில சமயம் ஷூவின் அடியில் இருக்கும்.

உடம்பின் எடை எங்கே இறங்குகிறது என்று பார்த்தால் இது புரியும். சைக்கிளை நாம் தொடுவது பாதம், இடுப்பு, கை என்ற மூன்று இடங்களில். பெடலை மிதிக்கும்போது பெடல் திருப்பித் தள்ளும் விசைதான், முன்னால் சாய்ந்திருக்கும் மேலுடம்பின் பெரும்பங்கைத் தாங்குகிறது. சீட் அளவுக்கு மீறி முன்னால் இருந்தாலோ, அதன் முன்முனையான மூக்கு கீழே சரிந்திருந்தாலோ, எடைமையம் முன்னே போய்விடும். பெடல் தாங்காத மிச்சம் உள்ளங்கையில் இறங்கும். உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க அடியில் அல்நார் நரம்பு குறுகலான வழியாகப் போகிறது. அது நசுங்குவதால்தான் அந்த இரண்டு விரல்கள் மட்டும் மரக்கின்றன.

ஆகவே பொருத்தும் வேலை பாதத்தில் தொடங்கிக் கையில் முடிய வேண்டும். கீழே ஒன்றை மாற்றினால் மேலே எல்லாம் மாறும். கையில் தொடங்கினால், செய்த வேலையையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

ஃபிரேமில் என்ன வேறுபாடு

ஃபிரேமின் அளவைச் சொல்ல இரண்டு எண்கள் போதும். பெடலைத் தாங்கும் கையான கிராங்க் சுழலும் அச்சின் மையத்திலிருந்து, ஃபிரேமின் முன்குழாயான ஹெட் ட்யூபின் உச்சிவரை செங்குத்தாக அளந்தால் ஸ்டாக். அதே இரண்டு புள்ளிகளுக்கு இடையே கிடைமட்டமாக அளந்தால் ரீச். நடுத்தர உயரக்காரருக்கான 56 அளவு ரேஸ் ஃபிரேமில் ஸ்டாக் 565 மி.மீ., ரீச் 390 மி.மீ. சுற்றுவட்டத்தில் இருக்கும். அதே அளவில், நீண்ட தூர ஓட்டத்துக்கான எண்டூரன்ஸ் ஃபிரேமில் ஸ்டாக் 590 முதல் 605 வரை உயரும், ரீச் 380 பக்கம் குறையும். முதுகு சற்று நிமிர்கிறது, அவ்வளவுதான். பின் சக்கரத்துக்கும் கிராங்குக்கும் உள்ள தூரம் 10 மி.மீ. போல நீளும். அதனால் ஓட்டம் நிதானப்படும், அகலமான டயருக்கும் இடம் கிடைக்கும். சில நிறுவனங்கள் இன்னும் ஒரு படி போயின. டிரெக் 2012இல் டொமானே மாடலில், சீட்டைத் தாங்கும் குழாயான சீட் ட்யூபைத் தனியாக வளையவிடும் ஒரு மூட்டு வைத்தது. ஸ்பெஷலைஸ்டு தன் ரூபே மாடலில், ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்முக்கு அடியில் 20 மி.மீ. அமுங்கும் சுருள்வில் வைத்தது.

வாங்கும்போது நடக்கும் தவறு, ஹேண்டில்பாரின் உயரத்தைச் சரிக்கட்ட ஒரு அளவு பெரிய ஃபிரேம் எடுப்பது. ஸ்டாக்கோடு ரீச்சும் கூடிவிடும், பிறகு குட்டையான ஸ்டெம் போட்டுத் திண்டாட வேண்டும். உங்களுக்கு வேண்டிய ரீச்சை முதலில் முடிவு செய்து, அதற்குள் ஸ்டாக் எது பொருந்துகிறது என்று பாருங்கள்.

பாதம்

கட்டைவிரலின் அடிமேட்டையும் சுண்டுவிரலின் அடிமேட்டையும் ஷூவைப் போட்டபடி தடவிப் பார்த்து, ஷூவின் இரு பக்கமும் டேப் ஒட்டிக் குறியிடுங்கள். பெடல் அச்சு இந்த இரண்டு குறிகளுக்கும் நடுவில் வருமாறு, ஷூவின் அடியிலிருந்து பெடலைக் கவ்வும் கிளீட்டை வையுங்கள். நீண்ட தூரத்துக்கு அதைவிடச் சில மி.மீ. பின்னால் தள்ளுவது நல்லது. கணுக்காலிலிருந்து பெடல் அச்சுவரை உள்ள நெம்புகோல் குறைவதால், கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் இழுபடுவது குறையும்; பாதத்தின் முன்பகுதி எரிவதும் அடங்கும். அப்படித் தள்ளினால் சீட்டைச் சற்று இறக்க வேண்டும்.

ஷிமானோவின் மூன்று போல்ட் கிளீட்டுகளில் மஞ்சள் 6 டிகிரி அசையவிடும், நீலம் 2 டிகிரி, சிவப்பு அசையவே விடாது. மஞ்சளில் தொடங்குங்கள். குதிகால் எந்தப் பக்கம் திரும்ப நினைக்கிறதோ அந்தப் பக்கம் அது திரும்ப வழி இருக்க வேண்டும். அதைத் தடுத்தால் முழங்கால்தான் அந்த முறுக்கை வாங்கிக்கொள்ளும்.

சீட்டின் உயரம்

வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, கால்களுக்கு இடையே தடித்த அட்டைப் புத்தகம் ஒன்றைச் சீட்டில் உட்காரும் அழுத்தத்தோடு மேலே ஏற்றுங்கள். அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை உள்ளது உட்கால் நீளம். இதை வைத்து இரண்டு சூத்திரங்கள் புழக்கத்தில் உள்ளன. சைக்கிள் பந்தய வீரர் கிரெக் லெமாண்ட் பிரபலமாக்கியது: உட்கால் நீளத்தை 0.883ஆல் பெருக்கினால் கிராங்க் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்புவரை உள்ள தூரம் கிடைக்கும். இன்னொன்று, பெடல் கீழே இருக்கும்போது பெடலிலிருந்து சீட்வரை உட்கால் நீளத்தில் 109 சதவீதம்.

உட்கால் 82 செ.மீ. உள்ளவருக்கு முதல் கணக்கு 72.4 செ.மீ. தருகிறது. இரண்டாவது 89.4, அதில் 17 செ.மீ. கிராங்கைக் கழித்தால் அதே 72.4. இரண்டும் கச்சிதமாக ஒத்துப்போகின்றன. ஆனால் உட்கால் 88 செ.மீ. என்றால் முதல் கணக்கு 77.7, இரண்டாவது அதே கிராங்கோடு 78.9. வித்தியாசம் 12 மி.மீ.; முழங்கால் வலிக்க இது தாராளம். முதல் சூத்திரத்தில் கிராங்க் நீளத்துக்கு இடமே இல்லை என்பதும் ஒரு குறை. இரண்டுமே ஷூ அடித்தோலின் தடிமனைக் கேட்பதில்லை. அதனால் சூத்திரம் தருவதைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் வைத்துக்கொண்டு, முழங்கால் மடிப்பைப் பாருங்கள். பெடல் அடியில் நிற்கும்போது, முழு நீட்டத்திலிருந்து முழங்கால் 25 முதல் 35 டிகிரி வரை மடிந்திருக்க வேண்டும். பக்கவாட்டில் யாரையாவது போட்டோ எடுக்கச் சொன்னால் கோணத்தை அளந்துவிடலாம்.

முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு என்று சந்தேகப்படுங்கள். பின்பக்கம் வலித்தாலோ, பின்னால் வருகிறவர் உங்கள் இடுப்பு இருபக்கமும் ஆடுகிறது என்று சொன்னாலோ, சீட் உயரம். ஒரு தடவைக்கு 3 மி.மீ.க்கு மேல் மாற்றாதீர்கள்.

முன்னா பின்னா

கைவலியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. கிராங்கைக் கிடைமட்டமாக நிறுத்தி, முன் முழங்காலின் சில்லுக்குக் கீழிருந்து தூக்குக்குண்டு விட்டால் நூல் பெடல் அச்சின் மேல் விழ வேண்டும் என்று ஒரு பழைய விதி. சைக்கிள் வடிவமைப்பாளர் கீத் பொன்ட்ரேகர் இதை நன்றாகவே விமர்சித்திருக்கிறார். புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதற்கும் பெடலைக் கால் எப்படித் தள்ளுகிறது என்பதற்கும் சம்பந்தம் இல்லை. மல்லாந்து படுத்து ஓட்டும் சைக்கிள்களில் இந்த விதிக்கு அர்த்தமே கிடையாது. தொடக்கத்துக்கு அது உதவும், தீர்ப்பு சொல்ல உதவாது.

தீர்ப்புச் சொல்வது சமநிலைதான். நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் டிரெய்னரில் சைக்கிளை மாட்டி, நடுத்தர வேகத்தில் மிதித்தபடி, முதுகின் சாய்வை மாற்றாமல் இரு கைகளையும் பிரேக் பிடியிலிருந்து ஒரு விரற்கடை தூக்குங்கள். மேலுடம்பு அங்கேயே நின்றால் சரி. முன்னே கவிழ்ந்தால் சீட்டை 5 மி.மீ. பின்னுக்குத் தள்ளி மறுபடி பாருங்கள். சீட் ட்யூப் 73.5 டிகிரி சாய்ந்திருப்பதால், 10 மி.மீ. பின்னே போனால் கிராங்கிலிருந்து உள்ள தூரம் கிட்டத்தட்ட 3 மி.மீ. கூடும். அந்த 3 மி.மீ.யை இறக்கிவிடுங்கள், இதை மறப்பதால்தான் சீட்டைப் பின்னே தள்ளியபின் முழங்காலின் பின்பக்கம் வலி வருகிறது.

சாய்வுக்கு, சீட்டின் மேல் நேரான பலகையை வைத்து அதன்மேல் ரசமட்டம் வையுங்கள். சமமாகவோ, மூக்கு 3 டிகிரிவரை தாழ்ந்தோ இருக்கலாம். அதற்கு மேல் தாழ்ந்தால் உடம்பு வழுக்கும், வழுக்கும் உடம்பைக் கைதான் தடுத்து நிறுத்தும். மூக்கைத் தாழ்த்தினால் மட்டுமே கவட்டில் அழுத்தம் குறைகிறது என்றால், சீட்டின் அகலம் உங்களுக்குப் பொருந்தவில்லை. வரிவரியாக மடிப்புள்ள அட்டைமேல் முன்சாய்ந்து உட்கார்ந்து எழுந்தால் உட்காரும் எலும்புகள் இரண்டு பள்ளம் பதிக்கும். அவற்றின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தைவிட 2 செ.மீ. போல அகலமான சீட் வேண்டும்.

இப்போது ஹேண்டில்பார்

ஸ்டெம்முக்கு அடியில் ஸ்பேசர் வளையங்களை அடுக்கினால் ஹேண்டில்பார் உயர்வதோடு பின்னாலும் வரும். ஹெட் ட்யூப் 72 டிகிரி சாய்வு என்றால், 10 மி.மீ. ஸ்பேசருக்கு 9.5 மி.மீ. உயரம், 3 மி.மீ. பின்னகர்வு. 6 டிகிரி வளைவுள்ள 100 மி.மீ. ஸ்டெம்மைத் தலைகீழாக மாட்டினால் 20 மி.மீ. உயரம் கிடைக்கும், கூடவே 6 மி.மீ. கிட்டே வரும். காசு செலவில்லாத, தலைகீழாக்கினால் திரும்பிவிடும் மாற்றம். முதலில் இதைச் செய்து பாருங்கள். பிரேக் பிடியில் கை வைக்கும்போது முழங்கை லேசாக மடிந்து, முதுகு 45 டிகிரி சுற்றுவட்டத்தில் சாய்ந்திருந்தால் நீண்ட தூரம் தாங்கும். ஒன்றைச் சரிபார்த்த பிறகே வாங்குங்கள்: பிரேக் குழாய்கள், ஹெட் ட்யூபின் பேரிங் தொகுதியான ஹெட்செட் வழியாக உள்ளே போகும் புது ஃபிரேம்களில், ஸ்டெம் மாற்றக் குழாயை வெட்டி, எண்ணெய் ஏற்றி, காற்றெடுக்க வேண்டிவரலாம்.

ஸ்டெம்மைக் கழற்றி மாட்டும் வரிசையும் முக்கியம். பக்கவாட்டு போல்ட்களைத் தளர்த்திய பிறகே மேல்மூடியின் போல்ட்டை முறுக்க வேண்டும். முன் பிரேக்கைப் பிடித்து சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்து, ஆட்டம் போனதும் நிறுத்துங்கள். ஸ்டெம்மை நேராக்கி, பக்க போல்ட்களை மாறிமாறி, ஸ்டெம்மில் அச்சிட்ட அளவுக்கு, வழக்கமாக 5 நியூட்டன் மீட்டர், முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். மேல்மூடி பேரிங்கின் ஆட்டத்தை எடுக்க மட்டுமே. அதை இறுக்கி ஸ்டெம்மை நிறுத்த முயன்றால் ஸ்டெம் கவ்வியிருக்கும் கார்பன் ஃபோர்க் குழாய்க்குள் உள்ள பிளக் மேலே நழுவிவரும்.

உயரத்தைத் தேடுகிறவர்கள் மறந்துவிடுவது கிராங்க். 172.5 மி.மீ. கிராங்கை 165 ஆக்கினால் சீட்டை 7.5 மி.மீ. ஏற்றலாம். பெடல் உச்சியில் இருக்கும்போது தொடைக்கும் வயிற்றுக்கும் இடையே 15 மி.மீ. இடம் கூடும். சீட் ஏறியதால் ஹேண்டில்பாரையும் அதே அளவு ஏற்றினால்தான் முதுகு பழைய சாய்வில் நிற்கும். ஆற்றல் போய்விடும் என்ற பயம் வேண்டாம். ஆய்வாளர்கள் மார்ட்டின், ஸ்பிர்டுசோ இருவரும் 2001இல் 120 முதல் 220 மி.மீ. வரை ஐந்து நீளங்களைச் சோதித்தபோது, உச்ச ஆற்றல் குறிப்பிடத்தக்க அளவு சரிந்தது அந்த இரண்டு ஓரங்களில்தான். நெம்புகோல் குட்டையானதை கியரில் ஈடுகட்டலாம். முன்னால் 34, பின்னால் 34 பல் என்றால், நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தபடி மணிக்கு 9 கி.மீ.யில் மேடேறலாம். 28 பல்லிலிருந்து 34க்கு மாறும்போது செயினைப் பல் மாற்றும் கருவியான பின் டிரெய்லரின் கூண்டு அதற்கு நீளமானதா என்று பாருங்கள். செயினை முன்னும் பின்னும் பெரிய பல்லில் டிரெய்லரைத் தவிர்த்துச் சுற்றி, சேரும் நீளத்தோடு ஒரு ஜோடி இணைப்பு கூட்டி வெட்டுங்கள். பழைய நீளத்தையே விட்டால் பெரிய-பெரிய சேர்க்கையில் டிரெய்லரும் அதைத் தாங்கும் ஹேங்கரும் பிய்ந்துவிடும்.

டயரில் இருக்கும் மிச்சப் பாதி

கைக்கு எடை மட்டும் வருவதில்லை, அதிர்வும் வருகிறது. அதில் ஃபிரேமைவிட டயருக்கே பங்கு அதிகம் என்பது என் உறுதியான கருத்து. டயர் துணியின் இழுவிசை, காற்றழுத்தத்தையும் டயரின் ஆரத்தையும் பெருக்கினால் கிடைப்பது. 25 மி.மீ. டயரில் 7 பார் (காற்றழுத்த அலகு) தரும் இழுவிசையை 32 மி.மீ. டயரில் 5.5 பாரே தந்துவிடும். எனவே அகலமான டயரைப் போட்டுவிட்டுப் பழைய அழுத்தத்தையே ஏற்றினால் அது பழையதைவிட விறைக்கும். வாங்கியதன் பலன் அத்தனையும் வீண்.

உருளும்போது ஆற்றல் இரண்டு வழியாகப் போகிறது. டயர் நசுங்கி விரியும்போது ரப்பரில் வெப்பமாகப் போவது ஒன்று. அழுத்தம் கூடக்கூட இது குறையும். சைக்கிளும் ஓட்டுகிறவரின் சதையும் குலுங்கி வீணாவது மற்றொன்று. கரடான சாலையில் அழுத்தம் கூடக்கூட இது ஏறும். வழவழப்பான எஃகு உருளையில் சோதித்தால் முதல் இழப்பு மட்டுமே தெரியும், அதனால்தான் விறைத்த டயர்தான் வேகம் என்ற நம்பிக்கை இத்தனை காலம் நிலைத்தது. 75 கிலோ எடையுள்ளவர் 32 மி.மீ. ட்யூப்லெஸ் டயருக்கு முன்னால் 3.5 பார், பின்னால் 3.8 பார் என்று தொடங்கலாம். எடை 10 கிலோ கூடினால் 0.4 பார் கூட்டுங்கள். ரிம் பள்ளத்தில் இடிக்கும் சத்தம் கேட்டால் 0.2 ஏற்றுங்கள். கொக்கி விளிம்பு இல்லாத ரிம்களுக்கு உச்சவரம்பு 5 பார், அதைத் தாண்டக் கூடாது. டயர் கழன்று விழும்.

பக்கத்தில் அச்சிட்ட அகலத்தை நம்பாதீர்கள். ரிம்மின் உள்ளகலம் கூடினால் டயரும் விரியும். காற்றேற்றி ஒரு நாள் விட்டு, வெர்னியரால் அளந்து, ஃபிரேமுக்கும் டயருக்கும் இடையே இருபக்கமும் 4 மி.மீ. இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒட்டிவந்த ஒரு சிறு கல் கார்பனை அறுத்துவிடும். ட்யூப்லெஸ் டயருக்கு ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவம் 40 மி.லி. ஊற்றுங்கள், சில மாதங்களில் காய்ந்துவிடும் என்பதால் வால்வைக் கழற்றி அவ்வப்போது பார்க்க வேண்டும்.

முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் மேல்குழாயை, அதாவது ஸ்டெம் கவ்வும் குழாயை, வெட்டுவது கடைசி வேலை. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், ஒவ்வொன்றுக்கும் நடுவே சில நீண்ட ஓட்டங்கள் என்று போய், ஹேண்டில்பாரின் உயரம் பல வாரம் மாறாமல் நின்றபிறகே ரம்பத்தை எடுங்கள். ஸ்டெம்முக்கு மேலே 5 மி.மீ. ஸ்பேசர் ஒன்று இருக்கட்டும். குழாயின் உச்சி அந்த ஸ்பேசரின் மேல்விளிம்பைவிட 2 முதல் 3 மி.மீ. தாழ வேண்டும், இல்லையென்றால் மேல்மூடி பேரிங்கை அழுத்தாது. ஸ்டெம்முக்குக் கீழே எத்தனை மி.மீ. ஸ்பேசர் போடலாம் என்று ஃபோர்க் நிறுவனம் வரம்பு சொல்லியிருக்கும், அதை மீறாதீர்கள். வெட்டும் இடத்தில் டேப் சுற்றி, வழிகாட்டிக் கவ்வியில் பிடித்து, நுண்பல் ரம்பத்தால் தண்ணீர் விட்டு மெதுவாக அறுங்கள். கார்பன் தூள் நுரையீரலுக்குக் கேடு, முகக்கவசம் போடுங்கள். அறுத்த விளிம்பை நுண்மணல் தாளால் தேய்த்துவிட்டு, பிளக்கை அதற்குரிய டார்க்கில் பொருத்துங்கள். பிளக் ஸ்டெம் கவ்வும் இடத்துக்கு நேராக உள்ளே இருக்க வேண்டும், அப்போதுதான் போல்ட்டின் பிடி குழாயை நசுக்காது. முதல் நீண்ட ஓட்டம் முடிந்ததும் எல்லாப் போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் இன்னொரு முறை சோதித்துவிடுங்கள்.