சொல் விளக்கம்: ‘ரிப்பீல்’ என்பதற்கு ‘ரத்து’ போதாது

ரயில் டிக்கெட் ரத்து. தேர்வு ரத்து. ஜாமீன் ரத்து, ஓட்டுநர் உரிமம் ரத்து, மழையால் ஆட்டம் ரத்து. ஏற்கெனவே இத்தனையைச் சுமக்கும் ஒரு சொல்லின் தலையில், இயற்றிய சட்டத்தை எடுத்துவிடுவதைக் குறிக்கும் ‘ரிப்பீல்’ (repeal) என்ற ஆங்கிலச் சட்டச் சொல்லையும் ஏற்றிவிட்டோம். அதனால் விளையும் குழப்பம் சிறியதல்ல.

2017 மே மாதம் ஒரு காலை, என் பெரியம்மா பதற்றத்தோடு போன் செய்தார். அவர் மகளும் மாப்பிள்ளையும் டாலஸில் இருக்கிறார்கள். “ஒபாமா இன்சூரன்ஸை ரத்து செய்துவிட்டார்களாமே, மாப்பிள்ளைக்குச் சர்க்கரை இருக்கிறதே, இனி யார் இன்சூரன்ஸ் கொடுப்பார்கள்?” என்று கேட்டார். ‘ஒபாமா கேர் ரத்து’ என்ற தலைப்பை எங்கோ படித்திருக்கிறார். அதிபர் ஒபாமா 2010இல் கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் செல்லப் பெயர்தான் ‘ஒபாமா கேர்’. உண்மையில் முந்தைய நாள், மே 4 அன்று, அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 217க்கு 213 என்ற வாக்குகளில், அச்சட்டத்தை நீக்குவதாகச் சொன்ன ஒரு மசோதாவை நிறைவேற்றியிருந்தது. அவ்வளவுதான். மேலவையான செனட் அதைத் தொடக்கூட இல்லை. அச்சட்டம் அன்றும் நடப்பில் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதை விளக்கிச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. தலைப்பில் ‘நீக்க மசோதா’ என்று இருந்திருந்தால் அந்த அரை மணி நேரம் தேவைப்பட்டிருக்காது.

சட்டத் துறையில் ‘ரிப்பீல்’ என்பதன் பொருள் மிகவும் குறுகலானது. ஒரு சட்டமன்றம் முன்பு இயற்றிய சட்டத்தை, இன்னொரு சட்டம் இயற்றி, சட்ட ஏட்டிலிருந்து எடுத்துவிடுவதே அது. நீதிமன்றம் அதைச் செய்ய முடியாது. நீதிமன்றம் ஒரு சட்டத்தைச் ‘செல்லாது’ என்று அறிவிக்கும். அதிபராலும் தனியாகச் செய்ய முடியாது. சட்டத்தைப் பிறப்பித்த அவைதான் அதை எடுக்க வேண்டும், அதுவும் பிறப்பித்தபோது கடந்த அதே படிகளைக் கடந்து.

சொல்லின் பிறப்பு சுவையானது. பழைய பிரெஞ்சில் ‘ரப்பெலே’ என்றால் திரும்பக் கூப்பிடுவது. அதற்கும் அடியில் ‘அழை, முறையிடு’ என்று பொருள்படும் ‘அப்பெல்லாரே’ என்ற லத்தீன் வினை இருக்கிறது. நம் நீதிமன்றங்களில் அன்றாடம் புழங்கும் ‘அப்பீல்’ என்ற சொல்லும் அதே வேரில் கிளைத்ததுதான். வெளியே அனுப்பிய சட்டத்தை வீட்டுக்குத் திரும்பக் கூப்பிடுவதுதான் ‘ரிப்பீல்’ தீட்டும் சித்திரம். ‘ரத்து’ நமக்கு உருது வழியாக வந்த அரபுச் சொல். திருப்பி அனுப்புதல், மறுத்தல் என்பது அதன் மூலப் பொருள். ‘வாபஸ்’ பாரசீகம், ‘திரும்ப’ என்றே பொருள். ஒன்றையொன்று பார்த்தறியாத மூன்று சொற்களும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. ஆக, பிறப்பால் ‘ரத்து’ தவறான சொல் அல்ல. எல்லாவற்றுக்கும் எடுத்தாண்டதால் கூர் மழுங்கிப்போன சொல்.

மழுங்கியது எவ்வளவு என்பதற்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டு. 2016 ஜனவரி 8 அன்று, ஒபாமா கேர் சட்டத்தின் முக்கியப் பகுதிகளை எடுத்துவிடும் மசோதா முதல் முறையாக அதிபரின் மேசை வரை வந்தது. ஒபாமா அதைத் தம் ‘வீட்டோ’ அதிகாரத்தால் தடுத்தார். வீட்டோவை நம் இதழ்கள் ‘ரத்து அதிகாரம்’ என்றும் எழுதுகின்றன. எனவே இச்செய்தியைத் தமிழில் எழுதினால், ‘சட்டத்தை ரத்து செய்யும் மசோதாவை ஒபாமா ரத்து அதிகாரத்தால் ரத்து செய்தார்’ என்று வந்து நிற்கிறது. படிப்பவர் எதைப் பிடித்துக்கொள்வார்?

‘நீக்கம்’ என்ற சொல்லே இதற்குப் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. அடங்கு–அடக்கு, இறங்கு–இறக்கு என்பதுபோல நீங்கு–நீக்கு. நீங்குவது தன்வினை, நீக்குவது பிறவினை. காலக்கெடு முடிந்து ஒரு சட்டம் தானே நீங்கலாம், அது காலாவதி. நீக்குவதற்கோ ஓர் ஆள் வேண்டும், கை வேண்டும், எண்ணப்பட்ட வாக்கு வேண்டும். யார் நீக்கினார் என்ற கேள்வியைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் சொல் இது. சட்டத் தமிழில் ‘நீக்கறவு’ என்ற சொல்லும் உண்டு. ‘அறவு’ சேர்ந்ததால் அறவே இல்லாமல் செய்தல் என்ற அழுத்தம் கிடைக்கிறது. சட்டப் பிரிவின் தலைப்புக்கு அது தகும். நாளிதழுக்குச் ‘சட்ட நீக்கம்’ போதும். ‘விலக்கு’ வேண்டாம். அமெரிக்கா 1933இல் மதுவிலக்கை எடுத்ததே ‘ரிப்பீல்’ என்ற சொல்லின் புகழ்பெற்ற பயன்பாடு. அதை ‘மதுவிலக்கு விலக்கம்’ என்று எழுத முடியுமா? 2021 நவம்பரில் இந்தியாவின் மூன்று வேளாண் சட்டங்கள் எடுக்கப்பட்டபோது நாம் எழுதிய ‘வாபஸ்’, ‘திரும்பப் பெறுதல்’ ஆகியவையும் எனக்கு உவப்பில்லை. வேட்புமனுவைத் திரும்பப் பெறலாம், புகாரைத் திரும்பப் பெறலாம். கொடுத்தவர் கையால் எடுத்துக்கொள்வது அது. சட்டம் அரசின் கைப்பொருள் அல்ல. நாடாளுமன்றம் நீக்கினால்தான் அது நீங்கும்.

ஒபாமா கேர் மீதான அமெரிக்கப் போராட்டத்துக்கு வருவோம். 2010 மார்ச் 23 அன்று ஒபாமா அச்சட்டத்தில் கையெழுத்திட்டார். ஏற்கெனவே நோய் இருப்பவருக்குக் காப்பீடு மறுக்கக் கூடாது, 26 வயது வரை பிள்ளைகள் பெற்றோரின் காப்பீட்டில் இருக்கலாம், ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் திட்டம் விரியும், அனைவரும் காப்பீடு எடுக்க வேண்டும், எடுக்காதவர் தண்டம் கட்ட வேண்டும் என்பவை அதன் தூண்கள். குடியரசுக் கட்சியினர் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை. ‘நீக்கு, மாற்று வை’ என்பது அவர்களின் முழக்கம் ஆனது. செனட்டில் அவர்களின் தலைவரான மிட்ச் மெக்கானல் அதை வேரோடு பிடுங்க வேண்டும் என்றார். பிரதிநிதிகள் சபை முழுதாகவோ பகுதியாகவோ நீக்க 50 தடவைக்கு மேல் வாக்களித்தது. இந்த இழுபறியில், செலவுக்கு ஒப்புதல் கிடைக்காமல் 2013இல் அரசே 16 நாள் முடங்கியது.

2017இல் அதிபர் பதவியும் இரு அவைகளும் அவர்கள் கையில். அப்போதுதான் சொல்லின் கனம் தெரிந்தது. செனட்டில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போக 60 பேர் வேண்டும். அவர்களிடம் இருந்தது 52. பட்ஜெட் சார்ந்த மசோதாவுக்கு மட்டும் சாதாரணப் பெரும்பான்மை போதும், ஆனால் வரவு செலவைத் தொடாத விதிகளை அந்த வழியில் நீக்க முடியாது. எனவே ‘நீக்கம்’ என்று பெயர் சூட்டி வந்த மசோதாக்கள் எல்லாம் உள்ளடக்கத்தில் திருத்தங்களே. திருத்தம் என்பதால் அவை சிறியவை என்று எண்ணிவிடக் கூடாது. மே மாதம் சபையில் நிறைவேறிய மசோதா சட்டமானால் 2026க்குள் மேலும் 2.3 கோடிப் பேர் காப்பீடின்றி இருப்பார்கள் என்று நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் மதிப்பிட்டது.

ஜூலை 27 இரவு கடைசி முயற்சியாக வந்தது எட்டே பக்க மசோதா. அதற்கு வைத்த பெயர் ‘ஒல்லி நீக்கம்’. நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி அளவில் குடியரசுக் கட்சி செனட்டர் ஜான் மெக்கெய்ன் அவைக்குள் வந்தார். மூளைப் புற்றுநோய் என்று கண்டறியப்பட்டு, இடது கண்ணுக்கு மேல் தையல் தழும்போடு இருந்த முதியவர். வாக்கெண்ணும் மேசைக்கு முன் நின்று வலக்கையை நீட்டினார். ஒரு நொடி அப்படியே வைத்திருந்து, கட்டைவிரலைக் கீழே சாய்த்தார். அவையில் மூச்சு அடைபடும் ஒலி கேட்டது. எதிர்வரிசையில் கைதட்டத் தொடங்கியவர்களைக் கையசைத்து அடக்கினார் ஜனநாயகக் கட்சியின் செனட் தலைவர் சக் ஷூமர். கைகளைக் கட்டியபடி அருகே நின்றிருந்தார் மெக்கானல். 49க்கு 51 என மசோதா தோற்றது. சூசன் காலின்ஸ், லிசா முர்கௌஸ்கி, மெக்கெய்ன் ஆகிய மூவரும் சொந்தக் கட்சியை எதிர்த்து வாக்களித்திருந்தார்கள்.

அந்த ஆண்டு டிசம்பரில் வரிச் சட்டம் ஒன்று, காப்பீடு எடுக்காதவருக்கான தண்டத்தைப் பூஜ்யம் டாலர் ஆக்கியது. ‘எடுக்க வேண்டும்’ என்ற வரி மட்டும் ஏட்டில் அப்படியே இருந்தது. நீக்கமா? இல்லை. அந்த வரி மிஞ்சியதைப் பிடித்துக்கொண்டுதான், தண்டம் இல்லாத கட்டாயம் அரசமைப்புக்கு முரண், ஆகவே முழுச் சட்டமும் செல்லாது என்று டெக்சாஸ் மாநிலம் வழக்குத் தொடுத்தது. தண்டமே இல்லாததால் வழக்காடும் அளவுக்கு யாருக்கும் பாதிப்பில்லை என்று 2021 ஜூன் 17 அன்று உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என வழக்கை ஒதுக்கியது.

உண்மையான நீக்கம் எப்படி இருக்கும் என்று காண 1989க்குப் போக வேண்டும். முதியோரின் பெரும் மருத்துவச் செலவுக்கு வரம்பு கட்டும் சட்டத்தில் 1988இல் அதிபர் ரீகன் கையெழுத்திட்டார். செலவை ஈடுகட்ட, வசதியுள்ள முதியோர் ஆண்டுக்கு 800 டாலர் வரை கூடுதல் வரி கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். சிகாகோவில் முதியவர்கள் திரண்டு, அச்சட்டத்தை முன்னின்று நிறைவேற்றிய பிரதிநிதிகள் சபை உறுப்பினர் டான் ராஸ்டென்கௌஸ்கியின் காரை மறித்தார்கள். காரிலிருந்து இறங்கித் தப்பிப் போனார் அவர். சில வாரங்களில் பிரதிநிதிகள் சபை 360க்கு 66 என நீக்கத்துக்கு வாக்களித்தது; ஆண்டு முடிவதற்குள் சட்டம் போயிற்று. அங்கேயும் முழுமையாக அல்ல. கணவனோ மனைவியோ முதியோர் இல்லத்தில் சேர்ந்தால் மற்றவர் வறுமையில் விழாமல் காக்கும் மெடிக்கெய்ட் விதிகளை மிச்சம் வைத்தார்கள். ரயில் டிக்கெட்டை ரத்து செய்தால் பயணமே இல்லை. சட்டத்தை நீக்கினாலோ, அது நடப்பில் இருந்தபோது செய்தவை நிற்கும். அதற்காகத்தான் நீக்கப் பிரிவோடு ‘காப்பு’ என்ற சொல்லும் சேர்ந்தே வருகிறது.

ஒபாமா கேரில் 2021இல் சேர்த்த கூடுதல் பிரீமிய மானியங்களைப் பற்றியும் இப்போது ‘ரத்து’ என்று பேசிக்கொள்கிறார்கள். அவற்றை நீட்டிக்கக் கோரிய பிடிவாதத்தில் 2025 அக்டோபர் 1 தொடங்கி அமெரிக்க அரசு 43 நாள் முடங்கியது. நீட்டிப்பு வரவில்லை. ஆண்டு முடிந்த அன்று அந்த மானியங்கள் காலாவதியாயின. யாரும் அவற்றை நீக்கவில்லை, அவை நீங்கின.