எம்பி3-ஐ ஃபிளாக் ஆக்கினால் குரல் திரும்பி வராது

போன வாரம் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி பென்டிரைவோடு வந்தார். உள்ளே அவருடைய அப்பத்தா பாடிய தாலாட்டும் நடவுப் பாட்டும், எல்லாமே ஃபிளாக், அதாவது ஒலியில் எதையும் எறியாமல் சுருக்கும் வகை ஃபைல்கள். “ஹை குவாலிட்டிலதான் வச்சிருக்கேன்ணே, ஆனா குரல் கொழகொழன்னு கேக்குது. சரி பண்ணிக் குடுங்க” என்றார்.

திறந்து, எந்த அதிர்வெண் வரை ஒலி இருக்கிறது என்று காட்டும் அலைமாலைப் படத்தைப் பார்த்தேன். கேசட்டிலிருந்து ஏற்றிய பாட்டு என்றால் பாட்டே இல்லாத இடத்திலும் டேப்பின் இரைச்சல் மேலே வரைக்கும் போகும். இதில் அந்த இரைச்சல்கூட 11 கிலோஹெர்ட்ஸில் நேர்கோடாக நின்றுபோயிருந்தது. விசாரித்தால் கதை வழக்கமானதுதான். யாரோ ஒழுங்காக, சுருக்காத வேவ் ஃபைலாக ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். போனில் இடம் இல்லையென்று தம்பி ஒரு ஆப்பை வைத்து 64 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கிவிட்டு வேவை அழித்துவிட்டார். அப்புறம் புது ஸ்பீக்கர் வாங்கியதும், அந்த எம்பி3-ஐ ஃபிளாக் ஆக்கியிருக்கிறார். கேசட்? “அதான் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சேன்னு பழைய இரும்புக்குப் போட்டுட்டாங்கண்ணே.”

அழித்த மெமரி கார்டில் புதிதாக எதையும் ஏற்றாமல் வைத்திருந்தால் மீட்டெடுக்க ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். அதில் சினிமாவை ஏற்றி நிரப்பியிருந்தார்.

எத்தனை முறை சொன்னாலும் இந்த நம்பிக்கை மட்டும் போவதில்லை: ஃபிளாக் என்றால் தரம், ஆகவே எதை ஃபிளாக் ஆக்கினாலும் தரம் கூடும். கூடாது. எம்பி3 ஒரு பாட்டைச் சுருக்கும்போது, காதுக்கு அவ்வளவாகத் தெரியாது என்று கணக்குப் போட்டு ஒலியில் ஒரு பகுதியைத் தூக்கி எறிகிறது. பிட்ரேட், அதாவது அந்தக் கேபிபிஎஸ் எண், குறையக் குறைய எறிவதும் கூடும். எறிந்தது எறிந்ததுதான். ஃபிளாக் எதையும் எறியாது, வாஸ்தவம். ஆனால் அது தன் கையில் கொடுத்ததைத்தான் காப்பாற்றும். எம்பி3-இன் குறையைக் கொடுத்தால் அந்தக் குறையை ஒரு துளி சிந்தாமல் காப்பாற்றும். தீட்டின அரிசியை நெல் மூட்டையில் கொட்டித் தைத்தால் அது நெல்லாகிவிடுமா?

மக்கள் ஏமாறுவது ஃபைல் அளவைப் பார்த்து. நாலு நிமிடப் பாட்டு 128 கேபிபிஎஸ் எம்பி3-ஆக 4 எம்பிகூட வராது. ஃபிளாக் ஆக்கினால் பல மடங்கு பெருக்கும். பெருத்ததில் ஒன்றும் புதிதாக இல்லை. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்று ஏற்றி ‘ஹை-ரெஸ்’ என்று பெயர் வைத்தாலும் அதே கதைதான். 128-ஐ 320 ஆக்குவது அதைவிட மோசம்: ஏற்கெனவே எறிந்த பாட்டிலிருந்து இன்னொரு தடவை எறிகிறீர்கள். பாட்டு ஏற்றிய பென்டிரைவைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் ஸ்பெக், ஆடாசிட்டி மாதிரி இலவச மென்பொருளில் ஒருமுறை திறந்து பாருங்கள். 128 எம்பி3 பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வெட்டுப்பட்டிருக்கும். ஆனால் அறுபதுகளின் பழைய பாட்டை எடுத்துக்கொண்டு வந்து “மேல ஒண்ணுமே இல்லண்ணே, போலி” என்று சண்டைக்கு வராதீர்கள். அந்தக் காலப் பதிவுகளில் மேலே இருந்ததே கொஞ்சம்தான்.

இன்னொரு தொல்லை சுருதி. கச்சேரிப் பதிவை மாற்றினேன், முக்கால் கட்டை ஏறிக் கேட்கிறது என்று நாகஸ்வரக்காரர்கள் வருவார்கள். அவர்கள் காது தப்பாது. நொடிக்கு 44,100 முறை மாதிரி எடுத்து (44.1 கிலோஹெர்ட்ஸ்) பதிந்ததை 48 என்று நினைத்து ஓட்டினால் அப்படித்தான் ஏறும். பத்து நிமிட ஆலாபனை 9 நிமிடம் 11 நொடியில் முடிந்துவிடும். இதற்குப் போய் சுருதி இறக்கும் எஃபெக்டைப் போட்டுக் குரலைக் கெடுக்காதீர்கள். ஆடாசிட்டியில் அந்த டிராக்கின் ரேட்டை 44100 என்று திருத்தினால் போதும்.

தயவுசெய்து, முதலில் ஏற்றிய ஃபைலை அழிக்காதீர்கள். வேவ் இடத்தை அடைக்கிறது என்றால், வேவிலிருந்தே நேராக ஃபிளாக் ஆக்கி, இரண்டு இடத்தில் வையுங்கள். எந்த எம்பி3 வேண்டுமானாலும் அதிலிருந்து எடுங்கள், மாற்றியதிலிருந்து மறுபடி மாற்றாதீர்கள். மாற்றியதைக் கடைசி நொடிவரை ஓடவிட்டுக் கேளுங்கள், பாதியில் நின்றுபோன ஃபைல்கள் நிறையப் பார்க்கிறேன். வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். ஆன்லைன் கன்வெர்ட்டர் பாட்டுக்குப் பதில் எக்ஸ்ஈ ஃபைலைக் கொடுத்தால், அது பாட்டல்ல, புரோகிராம்; அதைத் தொடாதீர்கள். கேசட்டில் பூஞ்சை இருந்தால் டெக்கில் போடாமல் அப்படியே கொண்டு வாருங்கள்.

கடைசியாக மைக் செட்டுக்காரர்களுக்கு. எம்4ஏ என்ற வேறு வகை ஃபைலின் பெயரை எம்பி3 என்று மாற்றினால் பெயர்தான் மாறும். ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் சின்ன யுஎஸ்பி பிளேயர் பலவற்றுக்கு எம்பி3 தவிர வேறு எதுவும் தெரியாது. எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவையும் அது பார்க்காது, ஃபேட்32-இல் ஃபார்மட் செய்யுங்கள். தமிழ்ப் பெயர் கட்டம் கட்டமாக வந்தால் பாட்டு கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, ஆங்கில எழுத்தில் பெயர் வைத்தால் தீர்ந்தது. பல பிளேயர்கள் காப்பி செய்த வரிசையில்தான் பாடும், ஆகவே விநாயகர் பாட்டை முதலில் காப்பி செய்யுங்கள். எல்லாவற்றையும் முதல் நாளே அதே ஆம்ப்ளிஃபயரில் போட்டுப் பாருங்கள். அழகரை வரவேற்கும் எதிர்சேவை அன்று விடிகாலையில் எனக்குப் போன் போட்டால் நான் எடுக்க மாட்டேன்.