பிளான்டேஷன்: தோட்டமா, குடியமர்த்தலா?

பிளான்டேஷன் என்றதும் நமக்கு வால்பாறையும் நுவரெலியாவும் தேயிலைச் செடியும்தான் நினைவுக்கு வரும். அதே நினைப்போடு அயர்லாந்து வரலாற்றை எழுத உட்கார்ந்தால், கை தானாக 'அல்ஸ்டர் பெருந்தோட்டம்' என்று எழுதிவிடும். அது தவறு. அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரில் நட்டது செடியை அல்ல, ஆட்களை.

இலத்தீனில் 'பிளான்டா' என்றால் நாற்று. அதிலிருந்து நடுதல் என்ற வினை வந்தது. 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய அதிகாரிகள் அதை மனிதர்களுக்கும் பொருத்தினார்கள். படை அனுப்பி அடக்கினாலும், படை திரும்பியதும் ஐரிஷ் தலைவர்கள் மறுபடி தலைதூக்கினர். ஆகவே அந்தத் தலைவர்களின் நிலத்தைப் பறித்து, முடியாட்சிக்கு அடங்கிய குடிகளை அங்கே ஊன்றிவிடத் திட்டமிட்டார்கள். 1556இல் லீஷ், ஆஃபலி பகுதிகள் இப்படிப் பறிபோய், 'அரசியார் மாவட்டம்', 'அரசர் மாவட்டம்' என்று பெயர் மாறின. (இதெல்லாமே கத்தோலிக்கர், புராட்டஸ்டன்டு சமயச் சண்டைதான் என்பவர்கள் கவனிக்க: அப்போது இங்கிலாந்தை ஆண்ட அரசி முதலாம் மேரியும் கத்தோலிக்கர்தான்.) 1580களில் தெற்கே மன்ஸ்டரிலும் இதுவே நடந்தது.

எல்லாவற்றிலும் பெரியது அல்ஸ்டர். 1607இல் அங்கிருந்த ஐரிஷ் தலைவர்களான டிரோன், டிர்கானல் பிரபுக்கள் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய்விட, அவர்கள் நிலம் இங்கிலாந்து அரசர் முதலாம் ஜேம்ஸின் கைக்கு வந்தது. 1609 முதல் அதைக் கூறுபோட்டார்கள். 1,000 முதல் 2,000 ஏக்கர் வரை பெற்றவர்களுக்கு 'அண்டர்டேக்கர்' என்று பெயர். இன்றைய ஆங்கிலத்தில் போலச் சவ அடக்கம் செய்பவர் அல்ல, பொறுப்பேற்றவர் என்று பொருள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து புராட்டஸ்டன்டுகளைக் கொண்டுவந்து அமர்த்துவது அவர் பொறுப்பு. ஐரிஷ்காரர்களை வெளியேற்றவும் வேண்டும். ஆனால் வந்தவர்கள் போதாததால் பலர் அங்கேயே குத்தகைக்காரர்களாக நீடித்தார்கள். லண்டன் வணிகக் குழுக்களுக்கும் பங்கு கிடைத்தது. டெர்ரி நகரம் 1613இல் 'லண்டன்டெர்ரி' ஆனது அப்படித்தான். எந்தப் பெயரைச் சொல்வது என்ற சண்டை இன்றும் ஓயவில்லை.

இந்தப் பிளான்டேஷனைத் தமிழில் 'குடியேற்றம்' என்று எழுதுகிறோம். பிழையில்லை, ஆனால் பிழைப்புத் தேடித் தானாகப் போவதற்கும் அதே சொல்தான். இங்கே குடி தானாக ஏறவில்லை, அரசு அமர்த்தியது. அதனால் 'குடியமர்த்தல்' பொருந்தும். பட்டினப்பாலையில் கரிகாலனைப் பற்றி 'கோயிலொடு குடிநிறீஇ', அதாவது கோயிலோடு குடிகளையும் நிலைநிறுத்தி, என்று வருகிறது. குடிநிறுத்தல் என்றும் ஆளலாம். ஆனால் கரிகாலன் நிறுத்தியது தன் உறந்தையில் (உறையூரில்). பிறர் நிலம் பறித்த கதை அந்தச் சொல்லில் ஒலிக்காது. எனவே முதல்முறை 'நிலம் பறித்துக் குடியமர்த்தல்' என்று விரித்தெழுதி, பிறகு 'அல்ஸ்டர் குடியமர்த்தல்' என்று சுருக்கிக்கொள்வதே என் வழக்கம்.