பின் சக்கரம் முந்திக்கொண்டால்

குழந்தையின் பொம்மைக் கார் ஒன்றை எடுத்து, பின் சக்கரங்கள் இரண்டும் சுற்றாதபடி டேப் ஒட்டுங்கள். சாய்த்து வைத்த பலகையின் உச்சியிலிருந்து அதை விட்டால், கீழே வருவதற்குள் அரைவட்டம் அடித்துப் பின்பக்கம் முன்னால் வர இறங்கும். டேப்பை முன் சக்கரங்களுக்கு மாற்றினால், முனகிக்கொண்டே போனாலும் நேராகப் போகும். பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெரிய பிரேக் மாட்டக் கிளம்புகிறவர்கள் ஸ்பானரைத் தொடுமுன் இதைச் செய்து பார்ப்பது நல்லது.

லாக் ஆகி, அதாவது சுற்றாமல் நின்றுபோய், சறுக்கும் டயருக்குப் பக்கவாட்டுப் பிடிமானம் ஏறக்குறைய போய்விடும். முன்னால் லாக் ஆனால் ஸ்டியரிங் கேட்காது, அவ்வளவுதான். பின்னால் லாக் ஆனால், வால் துளி விலகினாலும் அந்த விலகலே வளர்ந்து காரைச் சுழற்றிவிடும். அதனால் முன் சக்கரம் ஒரு மயிரிழை முந்தி லாக் ஆக வேண்டும், பின் சக்கரமும் தன் பங்கை முழுசாகச் செய்ய வேண்டும்.

1969-இல் நிசான் அறிமுகப்படுத்திய டாட்சன் 240இசட் காரை எடுத்துக்கொள்வோம். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், அச்சுகளுக்கு நடுவே சுமார் 2.3 மீட்டர். எடை ஆயிரம் கிலோவைச் சற்றுத் தாண்டும். நிற்கும்போது அது முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதி. கணக்குக்கு 1000 கிலோ என்றும், எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம் என்றும் வைத்துக்கொள்வோம். 0.5 ஜி அளவுக்கு, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி அளவுக்கு, வேகம் குறையும்படி பிரேக் பிடித்தால் கிட்டத்தட்ட 109 கிலோ பின்னாலிருந்து முன்னால் சாயும். 1 ஜி என்றால் 217 கிலோ. அப்போது பின் டயர்கள் மேல் மிஞ்சுவது 283 கிலோதான். இதில் ஒரு விநோதம் உண்டு. நல்ல டயர் மாட்டினால் இன்னும் பலமாகப் பிரேக் பிடிக்க முடியும், எடை இன்னும் முன்னால் போகும், பின் பிரேக்கின் பங்கு இன்னும் குறைய வேண்டும். ஆக, டயர் மாற்றியதுமே பிரேக் சமநிலையும் மாறிவிட்டது.

இந்தக் காருக்கு வழக்கமான மாற்றம், டொயோட்டா பிக்கப்பின் நான்கு பிஸ்டன் காலிப்பரை, அதாவது டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பகுதியை, முன்னால் மாட்டுவது. அதிகம் வேலை வைக்காமல் பொருந்தும். ஆனால் காரை நிறுத்துவது டயர்தான். பிரேக் சக்கரத்தை மட்டுமே நிறுத்தும். பழைய பிரேக்கே சக்கரத்தை லாக் செய்யும் பலத்தோடு இருந்தால், புதியது தூரத்தைக் குறைக்காது. முன் பக்கம் மட்டும் பலமானால் முன் டயர் சீக்கிரம் லாக் ஆகி, பின் டயரில் பிடிமானம் சும்மா கிடக்கும். நிற்கும் தூரம் கூடினாலும் கூடும்!

அப்படியென்றால் எதற்குப் பெரிய பிரேக்? சூட்டுக்கு. 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 1000 கிலோ காரை நிறுத்தினால் வெளிப்படும் ஆற்றல், 30 டிகிரியில் உள்ள 1.3 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். அதுவும் நாலு விநாடிக்குள். மலைப்பாதையில் இது திரும்பத் திரும்ப நடக்கும்போது, கனமான டிஸ்க்தான் தாங்கும்.

பெரிய காலிப்பருக்கு பிரேக் ஆயில் அதிகம் வேண்டும், பெடல் ஆழமாக இறங்கும். அதற்காக, பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை 7/8 அங்குலத்திலிருந்து 15/16-க்கு மாற்றுவார்கள். ஒரே மிதிக்கு 15 சதவீதம் கூடுதல் ஆயில் போகும். அதே கால் பலத்துக்கு அழுத்தம் 13 சதவீதம் குறையும். இது இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுபோல்தான் நடக்கும். பெடலின் உணர்வு மாறும், முன்பின் பங்கு மாறாது.

பின்னால் டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் போடுகிறவர்களுக்கு வேறு தொல்லை. டிரம்மில் சுழற்சியே, உள்ளிருந்து உரசும் ஷூக்களில் ஒன்றை இழுத்து மேலும் அழுத்திவிடும். டிஸ்க்குக்கு அந்த இலவச உதவி கிடையாது, முழு அழுத்தமும் ஆயில்தான் தர வேண்டும். சில கார்களில் டிரம்முக்குப் போகும் ஆயில் லைனில் சிறு அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு இருக்கும். அதைக் கழற்றாமல் விட்டால், டிஸ்க்கை அழுத்தும் பேட் எந்நேரமும் டிஸ்க்கில் உரசிக்கொண்டே ஓடும்.

சமநிலைக்காகப் பின் லைனில் குமிழ் வைத்த வால்வு ஒன்றைப் போடுவார்கள். அழுத்தம் ஒரு அளவு வரை அப்படியே போகும், அதற்கு மேல் பின்பக்கம் மெதுவாகவே ஏறும். இந்த வால்வுக்குக் குறைக்கத்தான் தெரியும், கூட்டத் தெரியாது. ஏற்கெனவே முன்பக்கம் பலமாகிவிட்ட காரில் இதை எவ்வளவு திருகினாலும் பலனில்லை. கம்பெனி போட்ட பழைய வால்வையும் அப்படியே விட்டு, அதோடு தொடராகப் புதியதை மாட்டுவது இன்னொரு வழக்கமான பிழை.

குமிழைப் பின்பக்க அழுத்தம் மிகக் குறைவாக இருக்கும் நிலையில் வைத்துத் தொடங்குங்கள். ஆளில்லாத அகலமான இடத்தில் பிரேக் பிடித்துப் பாருங்கள், சக்கரத்தைக் கவனிக்க வெளியே ஒருவர் நிற்கட்டும். முன் சக்கரம் லாக் ஆன உடனே பின்னதும் லாக் ஆகும் நிலை வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, அப்புறம் கால் சுற்று பின்வாங்குங்கள். ஈரத் தரையில் பார்த்து இந்த வேலையை முடித்துவிடாதீர்கள். அங்கே எடை அதிகம் முன்னால் சாயாது, பின் சக்கரம் சாதுவாகத் தெரியும். அதே அமைப்பில், காய்ந்த தார் ரோட்டில் நல்ல டயரோடு அழுத்தினால், பொம்மைக் கார் செய்ததை நிஜக் காரும் செய்யும்.