இன்டீசியா: உறைமேல் அச்சாகும் அந்தச் சதுரத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

சில நாடுகளிலிருந்து வரும் கடித உறைகளின் வலது மேல் மூலையைப் பார்த்திருப்பீர்கள். அங்கே தபால்தலையும் இருக்காது, சிவப்பு மசி முத்திரையும் இருக்காது. கறுப்பு வெள்ளைப் புள்ளிகள் அடைத்த ஒரு சிறிய சதுரம், பக்கத்தில் ஒரு தொகை, ஒரு தேதி, அவ்வளவுதான். க்யூஆர் கோடு என்று நினைத்துக் கைபேசியை நீட்டத் தோன்றும், ஆனால் பெரும்பாலும் அது டேட்டா மேட்ரிக்ஸ் என்ற வேறொரு வகை. சதுரம், தொகை, தேதி எல்லாம் சேர்ந்த இந்த அச்சுக்கு அமெரிக்க அஞ்சல் துறையில் இன்டீசியா என்று பெயர். தமிழில் இதை எழுத வேண்டி வந்தால் ஆளுக்கொரு சொல் போடுகிறோம்: முத்திரை, பார்கோடு, மின் தபால்தலை. எதுவும் சரியாகப் பொருந்தவில்லை. ஏன் பொருந்தவில்லை என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில் வேர். இலத்தீனில் இன்டீசியம் என்றால் அடையாளம், தடயம், துப்பு. இன்டீசியா அதன் பன்மை. சுட்டுவிரலைக் குறிக்கும் இன்டெக்ஸ் என்ற சொல்லும் இதே குடும்பம்தான், ஆக ஒன்றைச் சுட்டிக்காட்டுவது என்பதே அடிப்படைப் பொருள். ரோமச் சட்டத்தில் குற்றத்தைக் காட்டும் தடயங்களுக்கும் இந்தச் சொல்லே புழங்கியது. ஆங்கிலத்துக்கு வந்தபின், அதிலும் அமெரிக்க அஞ்சல் வழக்கில், பன்மை என்பது மறந்துபோய் ஒரே ஒரு அச்சையும் இன்டீசியா என்றே சொல்கிறார்கள். அஞ்சலில் அதன் பொருள் 'கட்டணம் கட்டியாயிற்று என்பதற்கு உறைமேல் இருக்கும் சான்று'. ஒட்டும் காகிதத்துக்கு இந்தப் பெயர் கிடையாது, நேரடியாக அச்சாகும் குறிக்குத்தான்.

இதன் பக்கத்து வீட்டுச் சொல் ஃபிராங்கிங். அதன் கதை இன்னும் சுவையானது. ஃபிராங்க் என்றால் கட்டற்ற, சுதந்திரமான என்று பொருள். ஃபிராங்க் இனத்தாரின் பெயரிலிருந்து பிறந்து, 'கட்டணம் இல்லாமல்' என்ற பொருளுக்கு நகர்ந்த சொல். பிரிட்டனில் 17ஆம் நூற்றாண்டிலிருந்தே நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு இலவச அஞ்சல் சலுகை இருந்தது. உறையின் வெளியே தன் கையெழுத்தைப் போட்டால் போதும், கடிதம் காசில்லாமல் போய்விடும். அதாவது கட்டணத்துக்குப் பதில் கையெழுத்து. நடந்தது என்னவென்று யாரும் ஊகிக்கலாம்: உறுப்பினர்கள் வெற்று உறைகளில் கையெழுத்திட்டு நண்பர்களுக்குக் கட்டுக்கட்டாகக் கொடுத்தார்கள், வேறு சிலர் கையெழுத்தையே போலி செய்தார்கள். அதனால் 1764இல், முகவரி முழுவதையும் உறுப்பினரே தன் கைப்பட எழுதியிருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. 1784இல் இன்னும் இறுக்கி, அஞ்சலிடும் ஊரையும் தேதியையும் அவரே எழுத வேண்டும் என்றார்கள். 1840இல் எவ்வளவு தூரமானாலும் ஒரே கட்டணம் என்ற ஒரு பென்னி அஞ்சல் வந்தபோது அந்தச் சலுகை போயிற்று. சொல் மட்டும் நின்றுவிட்டது, அதுவும் நேர் எதிரான பொருளில். காசு கட்டி முத்திரை இடுவதுதான் இன்று ஃபிராங்கிங்!

அந்த 1764, 1784 சங்கதியை நினைவில் வையுங்கள். கையெழுத்து மட்டும் போதாது, அது எந்த முகவரிக்கு, எந்தத் தேதிக்கு என்பதோடு பிணைந்திருக்க வேண்டும் என்று அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள். இருநூறு ஆண்டு கழித்துக் கணினிக்காரர்கள் வந்து நின்றதும் இதே இடத்தில்தான்.

இடையில் இயந்திரங்களின் காலம். 1920இல் ஆர்தர் பிட்னியும் வால்டர் போவ்ஸும் கொண்டுவந்த, உறைமேல் கட்டணத்தை அச்சிடும் மீட்டரை அமெரிக்க அஞ்சல் துறை ஏற்றுக்கொண்டது. இவ்வகை மீட்டர்களின் உள்ளே இரண்டு கணக்குகள் ஓடும்: முன்பணத்திலிருந்து இறங்கிக்கொண்டே வரும் எண் ஒன்று, இதுவரை அச்சிட்ட மொத்தத்தைக் காட்டி ஏறிக்கொண்டே போகும் எண் இன்னொன்று. இரண்டையும் கூட்டினால், போட்ட பணத்துக்குச் சமமாக வர வேண்டும். பாதுகாப்பு முழுவதும் பூட்டி முத்திரையிட்ட இரும்புப் பெட்டியிலும், உள்ளே இருந்த அச்சுக்கட்டையிலும், ஒளிரும் மசியிலும் இருந்தது. நல்ல ஸ்கேனரும் வண்ண அச்சுப்பொறியும் மலிவானதும் இந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. உறைமேல் இருப்பது வெறும் படம், படத்தை யாரும் அச்சிடலாம். உண்மையான மீட்டர் அச்சிட்டதா, மேசைமேல் இருக்கும் அச்சுப்பொறி அச்சிட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

1990களின் தொடக்கத்தில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டக் டைகர், பென்னட் யீ ஆகியோர் வேறு வழி சொன்னார்கள். மசியை நம்பாதே, கணக்கை நம்பு என்பதுதான் அதன் சாரம். அச்சிடும் தகவலோடு, அதை யார் மாற்றினாலும் காட்டிக்கொடுக்கும் மின்னொப்பம் (டிஜிட்டல் கையொப்பம்) ஒன்றையும் சேர்த்து இருபரிமாணக் குறியீடாக அச்சிடு, எந்த அச்சுப்பொறியிலும் அச்சிடு, கவலை இல்லை. இந்தத் திசையில்தான் அமெரிக்க அஞ்சல் துறை 1990களின் நடுவில் 'தகவல்சார் இன்டீசியா' என்ற திட்டத்தை வகுத்தது. 1999 ஆகஸ்டில் இ-ஸ்டாம்ப், ஸ்டாம்ப்ஸ்.காம் என்ற இரண்டு நிறுவனங்களுக்கு அனுமதி கிடைக்க, வீட்டுக் கணினியிலிருந்தே அஞ்சல் கட்டணத்தை அச்சிடுவது நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சதுரத்துக்குள் என்ன இருக்கிறது? அச்சிட்ட சாதனத்தின் எண், கட்டணம், தேதி, மேலே சொன்ன ஏறும் கணக்கு, இறங்கும் கணக்கு, அப்புறம் இவை எல்லாவற்றின் மேலும் போட்ட மின்னொப்பம். ஒப்பம் போடும் இரகசியத் திறவுகோல் 'அஞ்சல் பாதுகாப்புச் சாதனம்' என்ற ஒன்றுக்குள் அடைபட்டிருக்கும், உடைத்துத் திறக்கப் பார்த்தால் திறவுகோல் தானே அழிந்துவிடும். இ-ஸ்டாம்ப் அதைக் கணினியில் செருகும் ஒரு சிறு சாதனமாகக் கொடுத்தது. ஸ்டாம்ப்ஸ்.காம் அதைத் தன் வழங்கியிலேயே (சர்வர்) வைத்துக்கொண்டது.

இங்கே பலரும் ஒரு விஷயத்தில் தடுக்கி விழுகிறார்கள். மின்னொப்பம் என்றதும் தகவலை மறைத்துவைத்திருக்கிறார்கள் என்று எழுதிவிடுகிறார்கள். மறைக்கவில்லை. தொகையையும் தேதியையும் யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம், மாற்றத்தான் முடியாது. 1 டாலரை 9 டாலர் என்று திருத்தினால் ஒப்பம் பொய்த்துவிடும். ஆகவே 'மறைகுறியாக்கப்பட்ட தபால்தலை' என்று எழுதுவது தவறு.

சரி, ஏன் இருபரிமாணம்? சோப்புப் பெட்டியில் இருக்கும் சாதாரண பார்கோடு பத்துப் பன்னிரண்டு இலக்கத்தைத் தாங்கும். இங்கே ஒப்பத்துக்கு மட்டுமே டிஎஸ்ஏ என்ற ஒப்ப முறையில் 40 பைட்டு, 1024 பிட் ஆர்எஸ்ஏ முறையில் 128 பைட்டு வேண்டும். கோடுகளாக நீட்டினால் உறையின் அகலம் போதாது. டேட்டா மேட்ரிக்ஸில் 40க்கு 40 கட்டம் கொண்ட சதுரத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். இடது ஓரமும் கீழ் ஓரமும் முழுக் கறுப்பாக 'ட' வடிவில் இருக்கும், படிக்கும் கருவி முதலில் தேடுவது அதைத்தான். மேலோரமும் வலது ஓரமும் கறுப்பு வெள்ளை மாறி மாறி ஓடும், கட்டங்களை எண்ணிக்கொள்ள அது உதவும். நடுவிலும் இப்படிக் குறுக்குக் கோடுகள் சென்று சதுரத்தை நான்காகப் பிரிக்கும். மீதி இடத்தில் 162 பைட்டு. அதில் 114தான் தகவல், 48 பைட்டு ரீட்–சாலமன் முறையிலான பிழைதிருத்தத்துக்கு. உறை மழையில் நனைந்து ஒரு மூலை கலைந்தாலும் 24 பைட்டு வரை தவறாகப் படித்ததைத் திருத்திக்கொள்ளும். ஆரம்பத்தில் அதிகம் பேசப்பட்டது சிம்பல் டெக்னாலஜீஸ் நிறுவனத்தின் பிடிஎஃப் 417 என்ற, கோடுகளை வரிசை வரிசையாக அடுக்கிய குறியீடு. ஒவ்வொரு எழுத்தும் 4 கோடு, 4 இடைவெளி, 17 அலகு அகலம், பெயரிலேயே கணக்கு இருக்கிறது.

இப்போது முக்கியமான கேள்வி. ஒப்பமிட்ட சதுரத்தை அப்படியே நகல் எடுத்தால்? நகலிலும் ஒப்பம் சரியாகத்தான் இருக்கும்! மின்னொப்பம் போலியைத் தடுக்கும், நகலைத் தடுக்காது. இதற்குத்தான் 1764இன் மருந்து. வீட்டு அச்சுப்பொறியில் அச்சிடும் முறையில், போய்ச் சேரும் முகவரியின் முழு அஞ்சல் குறியீட்டையும் ஒப்பத்துக்குள் சேர்த்தார்கள். அமெரிக்காவில் அது 11 இலக்கம் வரை போகும், ஏறத்தாழ ஒரு வீட்டுவாசலையே குறிக்கும். திருடியவன் அதே வீட்டுக்கு அதே நாளில் கடிதம் போட்டால்தான் நகல் உதவும். அதோடு ஏறும் கணக்கு ஒவ்வொரு அச்சுக்கும் மாறுவதால், ஒரே எண் இரண்டு முறை கண்ணில் பட்டால் ஒன்று நகல் என்று தெரிந்துவிடும். ஆக, இங்கே 'பாதுகாப்பான' என்பதை நகலெடுக்க முடியாத என்று படிக்கக் கூடாது. இரண்டாவது முறை செல்லாத என்றே படிக்க வேண்டும்.

இனி தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். தபால்தலை ஒத்துவராது. அந்தச் சொல் அரசியின் தலையைத் தாங்கிய ஒட்டுத்தாளோடு ஒட்டிப் பிறந்தது, இங்கே தலையும் இல்லை ஒட்டும் இல்லை. முத்திரை என்பது இலங்கைத் தமிழில் தபால்தலையையே குறிக்கும், தமிழ்நாட்டில் தலையைச் செல்லாததாக்கக் குத்தும் கறுப்பு வட்டத்தைக் குறிக்கும். ஒரே சொல் காசுக்கும் காசை ரத்து செய்வதற்கும் என்றால் படிக்கிறவர் குழம்பிவிடுவார். பார்கோடு, அதன் தமிழான பட்டைக் குறியீடு, இரண்டுமே குறியீட்டின் பெயர்கள், கட்டணச் சான்றின் பெயர்கள் அல்ல. மேலும் பிடிஎஃப் 417இல் பட்டை உண்டு, டேட்டா மேட்ரிக்ஸில் பட்டையே கிடையாது. அதற்குக் கட்டக் குறியீடு என்பது பொருத்தம். மேட்ரிக்ஸ் என்பதற்குத் தமிழ்நாட்டுக் கணக்குப் புத்தகம் அணி என்கிறது, இலங்கைப் புத்தகம் தாயம் என்கிறது. தாயம் எனக்குப் பிடித்த சொல்தான், ஆனால் தரவுத்தாயம் என்று எழுதினால் பாதிப்பேர் சோழி உருட்டக் கிளம்பிவிடுவார்கள்.

என் தேர்வு: கட்டணப் பொறிப்பு. காரணம் பழையது. காவிரிப்பூம்பட்டினத் துறைமுகத்தில் சுங்கம் கொள்ளும் காட்சியைச் சொல்லும் பட்டினப்பாலை, பொதிகளின்மேல் சோழனின் புலிச் சின்னத்தை இட்டு வெளியே விடுவதைப் 'புலி பொறித்து' என்கிறது. சுங்கம் கொள்ளும் இடத்தில், சரக்கின் மேலேயே அரசு இடும் குறி. இன்டீசியா செய்வதும் இந்த வேலையைத்தான். பொறி என்று நிறுத்தினால் இயந்திரம் என்ற பொருள் குறுக்கே வரும், பொறிப்பு என்றால் வராது. சுட்டுக்குறி என்ற சொல் இலத்தீன் வேருக்கு நெருக்கம், ஆனால் காசு கட்டியதை அது சொல்லவில்லை. தகவல்சார் இன்டீசியாவுக்கு 'ஒப்பமிட்ட கட்டணப் பொறிப்பு' என்று எழுதலாம். தகவல் எல்லாவற்றிலும் உண்டு, ஒப்பம்தான் இதில் புதிது.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். 2021இலிருந்து ஜெர்மனி தன் தபால்தலைகளிலேயே கட்டக் குறியீட்டை அச்சிடுகிறது, ஒவ்வொரு தலைக்கும் தனி எண். பிரிட்டனும் அதே வழியில் போய், குறியீடு இல்லாத அன்றாடத் தலைகளை 2023 ஜனவரி 31க்குப் பிறகு செல்லாது என்று அறிவித்து, ஜூலை 31 வரை அவகாசம் கொடுத்தது. இவை ஒட்டுகிற தலைகள்தான், ஆனால் மசியைக் கழுவி மறுபடி ஒட்டினால் எண் காட்டிக்கொடுத்துவிடும். இவற்றைக் கட்டணப் பொறிப்பு என்று சொல்லக் கூடாது. முன்கூட்டியே அச்சாகி வந்தவை, எந்த முகவரியோடும் தேதியோடும் பிணையாதவை. குறியீட்டுத் தபால்தலை என்றால் போதும்.