பந்தியில் பரிமாறியிருக்கிறாயா, அது அனுபவம்தான்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் மேஜை வேலைக்கு ஆள் எடுப்பது என் பொறுப்பு. எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த பிள்ளைகள் வந்து, "அனுபவம் இல்லைண்ணே" என்று தலையைச் சொறிவார்கள். கோயில் அன்னதானத்தில் சோறு போட்டிருக்கிறாயா, கல்யாணத்தில் பந்தி கவனித்திருக்கிறாயா என்று கேட்டால், "அது நிறைய செஞ்சிருக்கேன்" என்பார்கள். அதை முதலிலேயே சொல்லக் கூடாதா?

இலையின் நுனி சாப்பிடுபவருக்கு இடப்பக்கம் வரவேண்டும், இலையை மடித்தவரிடம் சோற்று வாளியோடு போய் நிற்கக் கூடாது. இதெல்லாம் அவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதே இல்லை. பழக வேண்டியது தண்ணீர் ஆர்டர், அதாவது குடிக்கக் கேட்பதுதான். "தே ஓ கோசோங் ஒண்ணு, தே தாரேக் குராங் மானிஸ் ஒண்ணு, தே ஓ ஐஸ் லிமாவ் ரெண்டு" என்று ஒரே மூச்சில் சொல்லிப் பார்ப்பேன் (பாலும் சீனியும் இல்லாத டீ, சீனி குறைத்த பால் டீ, எலுமிச்சை ஐஸ் டீ). அப்படியே திருப்பிச் சொன்னால் பாதி வேலை கிடைத்த மாதிரி. கோசோங் கேட்ட அங்கிளுக்குச் சீனி போட்டுக் கொடுத்தால் கடையே அதிரும்!

மதியம் 1 மணிக்கு வேலை கேட்டு வராதீர்கள், நிமிர்ந்து பார்க்கவும் நேரமிருக்காது. 3 மணிக்கு மேல் வாருங்கள். சனி, ஞாயிறு வர முடியுமா என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

அப்புறம் இரண்டு தாள்கள். 2009 உணவுத் தூய்மை விதிமுறைகளின்படி, உணவைக் கையாளுபவர் சுகாதார அமைச்சு அங்கீகரித்த பயிற்சிக்குப் போயிருக்க வேண்டும், டைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். பயிற்சி அரை நாள்தான். ஊசி 3 ஆண்டுக்குச் செல்லும். இரண்டையும் முடித்துவிட்டு வருபவரை முதலாளி லேசில் விடமாட்டார்.

சம்பளம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். முழுநேர வேலைக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். 2025 ஆகஸ்ட் முதல் சின்னக் கடைக்கும் இதுதான். அது அடிப்படைச் சம்பளம், "சாப்பாடு, ரூம் தருகிறோமே" என்று சொல்லி அதைவிடக் குறைவாகப் பேச முடியாது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலை என்றால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கைக்கு வரவேண்டும். ஊழியர் சேமநிதி, சொக்சோ (சமூகப் பாதுகாப்புச் சந்தா) பிடிப்பார்களா என்பதையும் கேளுங்கள். "ஒரு வாரம் சும்மா பழகிப் பார்" என்றாலோ, அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்றாலோ, அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். நகல் கொடுத்தால் போதும்.

நேர்காணலுக்கு டை எல்லாம் வேண்டாம். நகம் வெட்டி, வழுக்காத மூடிய காலணி போட்டு வந்தால் சரி. எங்கள் கடைத் தரை எந்நேரமும் ஈரம்.